நோர்புவின் தங்கைக்கு யார் சொல்வது?

நோர்பு இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அன்று எங்களுக்கு வகுப்பு. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பேமா தொலைபேசியில் அழைத்து, "அங்கிள், இன்னைக்கு அப்பாவுக்காக ஸ்டேஷன்ல நிக்க வேண்டாம்" என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். ஒரு சப்பாத்துடன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்போம். நான் அதற்குள் எழுதாததற்குக் காரணம் உண்டு. தகன மண்டபத்தில் நான் அவருடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வழக்கப்படி, "நோர்பு அண்ணை" என்று கூப்பிட்டு அழத் தொடங்கினேன். பேமா வந்து என் கையைப் பிடித்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க அங்கிள். அவர் திரும்பிப் பார்ப்பார். போற வழி தவறிடும்" என்றாள். நாற்பத்தொன்பது நாளும் அப்படித்தானாம். வாயை மூடிக்கொண்டேன். அந்த நாட்கள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது பெயரை எழுதலாம். மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துத் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

சிட்னியில் வென்ட்வேர்த்வில் கடைகளுக்குப் போகிறவர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். சீனர் என்று நினைத்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கி, "என்னக்கா, வெண்டைக்காய் முத்தலா இருக்கே" என்ற பதிலைக் கேட்டுத் திகைத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அவர் திபெத்தியர். கர்நாடகத்தில் அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர். முப்பது வருடம், குளிர்காலம் தோறும், திருச்சியிலும் மதுரையிலும் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். மதுரை வெயிலில் ஸ்வெட்டர் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "மார்கழியில வாங்குவாங்கண்ணே. போடமாட்டாங்க, வாங்குவாங்க" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். ஏவாரத்தில் எல்லாரும் அண்ணன்தானாம்.

நாங்கள் சந்தித்தது முதியோருக்கான ஆங்கில வகுப்பில். முதல் நாள் ஆசிரியை எல்லோரையும் பெயர் எழுதச் சொன்னார். நான் வவுனியாவில் நாற்பது வருடம் லொறிக்கு மூட்டை ஏற்றினவன். எந்த மொழியிலும் பெயர் எழுதத் தெரியாது. கை வலிக்கிறது என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த நோர்பு மெல்லக் குனிந்து, "கை வலியா, எழுத்து வலியா?" என்று தமிழில் கேட்டார். அவமானத்தில் நான் எழும்பிப் போயிருப்பேன். அவரோ தனக்கும் தமிழ் பேச மட்டும்தான் வரும், வாசிக்க வராது என்றார். அடுத்த வாரமே அதே மண்டபத்துக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வரும் சறோ ரீச்சரைப் பிடித்தார். இரண்டு கிழவர்களும் ஒரே கொப்பியில் அ, ஆ எழுதினோம். ஒரு வருடத்தில் கடைப் பலகையில் "அரிசி மா" என்று வாசித்தேன். அன்று அடுத்த ஊரான பென்டில் ஹில் போய்ச் சேரும்வரை கண்ணில் பட்ட தமிழை எல்லாம் சத்தமாக வாசித்தேன். ஒரு அரிசிப் பையைக்கூட விடவில்லை. அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

அதே வகுப்பில் லின் என்ற சீனப் பெண்மணி இருந்தார். எழுபது வயது, செங்டுவில் தாதியாக வேலை செய்தவர். தோடம்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் உரித்துக் கொடுப்பார். ஒருநாள் ஆசிரியை, உங்கள் தகப்பன் என்ன வேலை செய்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். லின், தன் தகப்பன் திபெத்துக்கு ரோடு போடப் போனவர் என்றார். மலையில் மூச்சு முட்டி அங்கேயே இறந்தாராம். அப்போது லின்னுக்கு ஐந்து வயது. அதற்கு முன் அங்கே ரோடும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, ஏழைகள் பண்ணைக்காரரிடம் மாடு மாதிரிக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள், அவர்களுக்காகத்தான் என் தகப்பன் போனார் என்றார்.

அடுத்தது நோர்புவின் முறை. "அது நல்ல ரோடு," என்றார். "எங்கப்பாவை அந்த ரோட்டுலதான் லாரியில ஏத்திட்டுப் போனாங்க. திரும்பி வரல."

என் தகப்பனும்தான் வரவில்லை என்றார் லின். ஆசிரியை அவசரமாகப் புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில், நீங்கள் இன்னும் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சூடானேன். "ஏழைங்க கஷ்டப்பட்டது நெஜம்ணே. அதுக்காக எங்களைக் கேக்காம வந்து உக்காந்துக்கிட்டது நியாயமாயிடுமா? மடத்தை இடிச்சது நியாயமாயிடுமா? ஆனா அந்தம்மா பொய் சொல்லல. செத்துப்போன அப்பாவோட சேத்து அதை நம்பிக்கிட்டு இருக்காங்க. உங்கப்பா வீணா செத்தாருன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அதற்குப் பிறகும் இருவரும் வாராவாரம் வாதாடினார்கள். அவர் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக் கொடுப்பார். லின் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து, தோடம்பழத்தை நீட்டுவார். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. விடவும் முடியவில்லை.

நோர்புவுக்கு ஒரு தங்கை. பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. பதினான்கு வயதில் அவர் மாமனோடு மலை தாண்டி இந்தியாவுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. தாயோடு அங்கேயே நின்றுவிட்டாள். பல வருடங்களுக்குப் பிறகு தொலைபேசியில் பேசக் கிடைத்தது. குரல் மட்டும்தான், படம் அனுப்ப அவள் விரும்பவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒருநாள், அண்ணா, நாங்கள் சுகம், இனிமேல் அழைக்காதே என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் பிறகு அழைக்கவில்லை. "நான் கூப்பிட்டா, யாரு கூப்பிட்டதுன்னு போலீஸ்ல அவளைக் கேப்பாங்க" என்றார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாமல் அவர் எங்களோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

லின் தகப்பனின் கல்லறைக்குப் போவதாக இருந்தார். அவருடையது இன்னும் சீனக் கடவுச்சீட்டு, போய்வருவது எளிது. உன் ஊருக்கும் போய் உன் தங்கையைப் பார்த்து வருகிறேன் என்று அவராகவே சொன்னார். நோர்பு அன்று ஸ்டேஷனில் மர வாங்கில் உட்கார்ந்து, "என்னண்ணே சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "விடுங்கோ, போய்ப் பாக்கட்டும். இருக்கிறாவோ இல்லையோ எண்டாவது தெரியும்" என்றேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். போரின் கடைசியில் காணாமல் போனவன். இன்றுவரை சேதி இல்லை. என் தம்பிக்கான பதிலை அவருடைய தங்கைக்குச் சொல்லிவிட்டேன்.

கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுங்கள் என்று கரைச்சல் கொடுத்தேன். எழுத்துப் படித்த புதிது; ஒரு கடிதம் எதையும் சரியாக்கிவிடும் என்று நம்பினேன். அவர் மறுத்தார். "காகிதம் பேசும்ணே. யார் கையில கெடைச்சாலும் பேசும்." அதற்குப் பதிலாக ஒரு ஸ்வெட்டர் வாங்கப் பரமட்டாவுக்குப் போனோம். தெருவின் அந்தப் பக்கம் நடக்கிற பெண்ணுக்கு இந்தப் பக்கம் இருந்தே அளவு சொல்கிறவர், அன்று கடையில் ஒரு மணித்தியாலம் நின்றார். "ஆறு வயசு அளவுதாண்ணே எனக்குத் தெரியும்" என்றார். கடைசியில் கருஞ்சிவப்பில் நடுத்தர அளவு ஒன்றை எடுத்தார்.

ஐந்து வாரத்தில் லின் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பழைய வீடு இல்லை. எல்லோரையும் புது வீடுகளுக்கு மாற்றியிருக்கிறார்கள், தண்ணீர், மின்சாரம் எல்லாம் உண்டு, கூரைக்குக் கூரை சீனக் கொடி என்றார். அங்கே விசாரித்து ஒரு கதவைத் தட்டியிருக்கிறார். வயதான ஒரு பெண் திறந்திருக்கிறாள். நோர்புவின் பெயரைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டரை வாங்கிக் கதவைச் சாத்திவிட்டாளாம். சாத்துமுன் எடுத்த படம் தொலைபேசியில் இருந்தது.

அன்று பேமாவும் வந்திருந்தாள். நோர்பு இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கினார். பிறகு சிறிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். இது உன் தங்கைதான், எவ்வளவு நல்ல வீடு பார் என்றார் லின். இது அத்தை இல்லை, யாரையோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றாள் பேமா.

"தெரியலயே" என்றார் அவர்.

தங்கை இல்லையென்றால் ஏன் ஸ்வெட்டரை வாங்கினாள் என்று லின் கேட்டார்.

"குளிரா இருந்திருக்கும்மா" என்றார். லின் அழுதுவிட்டார். நோர்பு தோடம்பழத்தை உரித்து அவர் கையில் வைத்தார். படத்தை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். லின் அழித்தார்.

இரண்டு மாதம் கழித்து, கர்நாடகக் குடியிருப்பிலிருந்து யார் யாரோ வழியாக ஒரு பேச்சு வந்தது. லின் போன அந்தத் தெருவில் போலீஸ் வந்து ஒரு கிழவியை விசாரித்ததாம். எந்தக் கிழவி, எதற்காக என்று சொல்ல ஆளில்லை. உன்னால்தான் என்று பேமா லின்னிடம் பேச்சை நிறுத்தினாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டுகிற கதை என்றார் லின். அப்படிச் சொன்னாலும் அவர் மெலிந்துபோனார். நான் நோர்புவிடம், போகச் சொன்னது நான்தானே என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "நீங்க போகட்டும்னுதான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். வேணாங்கிற ஆளா இருந்தா உங்களைக் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றார். அப்படி ஒரு பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

தகன மண்டபத்துக்கு லின் வந்தார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, பேமா பார்க்கும் முன் போய்விட்டார்.

இப்போது வருகிற ஏப்ரலில் அவர் மறுபடி தகப்பனின் கல்லறைக்குப் போகிறார். அந்தக் கதவைத் தட்டி, உன் அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்லவா என்று என்னிடம் கேட்கிறார். பேமாவைக் கேட்டேன். விட்டுவிடுங்கள் என்றாள், ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறந்தவருக்காக வீட்டார் நாற்பத்தொன்பது நாள் விளக்கேற்ற வேண்டும். அந்தப் பெண் தங்கைதான் என்றால், அவள் ஒரு நாள்கூட ஏற்றவில்லை. சொன்னால் அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால், அண்ணன் சிட்னியில் எங்கோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் சாவாள். அது எனக்குத் தெரியும். போன முறை நான் உடனே பதில் சொன்னவன். இந்த முறை லின் கேட்டு மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

நோர்புவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி மட்டும்தான். அது எனக்கு உரியதல்ல, அவருடைய தங்கைக்கு உரியது. நாலே சொல்லில் எழுதிவிடலாம். எழுத இப்போது எனக்குத் தெரியும். அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை. அதனால் அதை நான் வைத்திருக்கிறேன்.