கம்பளி அக்காவின் மாடி அறை

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைத்தெருவில் அவள் சலவைக்கடை வைத்திருந்தாள். பெரிய மெஷின் இரண்டு, உலர்த்தும் மெஷின் ஒன்று, ஒரு இஸ்திரி மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கடை அவ்வளவுதான். ஒரு காலத்தில் பக்கத்து லாட்ஜின் படுக்கை விரிப்பெல்லாம் அவளிடம்தான் வரும். புருஷன் மூட்டை தூக்க, அவள் மெஷின் ஓட்ட, இருவருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. லாட்ஜை ஒருநாள் மூடிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் புருஷனும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பெரிய மெஷின் இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகத் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் கம்பளிகள் வந்தன.

ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியிலும் கடைவாசல்களிலும் வீடில்லாதவர்கள் படுத்துக்கிடப்பார்கள். குளிர் தொடங்கினால் அவர்களுக்கு உதவ மூன்று கூட்டம் வரும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்சுகளின் சங்கம் ஒன்று. வேன் டிரைவர்கள் சங்கம் ஒன்று. கடைத்தெரு வியாபாரிகள் சங்கம் ஒன்று. மூன்றும் கொடுத்தது கம்பளிதான். நர்சுகள் நீலக் கம்பளி, டிரைவர்கள் பழுப்பு, வியாபாரிகள் கோடு போட்டது. ஒருத்தர் கொடுப்பதை இன்னொருத்தர் கேட்டுக்கொள்வதில்லை. படிக்கட்டடியில் ஒரு மனிதர் மூன்று கம்பளிக்குள் புதைந்து கிடப்பார், காலில் செருப்பு இருக்காது. கம்பளி அழுக்கானால் அவரவர் ஆட்கள் வாரிக்கொண்டு வந்து சலவைக்குப் போடுவார்கள். அத்தனை கனத்தைத் துவைக்கிற மெஷின் அந்த வட்டாரத்தில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் அவளுக்குக் கம்பளி அக்கா என்று பெயர் வந்தது. அவளுடைய சொந்தப் பெயரைக் கரண்டு ஆபீஸ்காரர்கள் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தகராறும் கம்பளியோடு சேர்ந்தே வந்தது. "எங்க நீலத்தை டிரைவருங்க மூட்டையில கட்டிக் குடுத்துட்டீங்க" என்று நர்ஸம்மா சண்டைக்கு வருவாள். நர்சுகள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஆஸ்பத்திரி வார்டையே ஒரு சத்தத்தில் அடக்கிய குரல். வேன் டிரைவர்களின் தலைவரோ, "பழுப்புதான் கெட்டி, அதான் எல்லாரும் அதையே அமுக்கிக்கிறாங்க" என்பார். வியாபாரிகள் சங்கத் தலைவரான செருப்புக்கடைக்காரர் கோடு போட்ட கம்பளிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

கம்பளி அக்காவுக்குப் பொறுமை எல்லைதாண்டியது. "நனைஞ்ச கம்பளிக்குக் கட்சி கிடையாது. மூணு பேரும் புதன்கிழமை மத்தியானம் ஒண்ணா வாங்க. பெஞ்சுல ரெண்டு பேர்தான் உக்கார முடியும், மூணாவது ஆளு நின்னுக்கிட்டே சண்டை போடட்டும்" என்றாள்.

வந்தார்கள். முதல் புதன்கிழமை கம்பளியைப் பற்றியே கத்தினார்கள். அதற்கடுத்த புதனில் படிக்கட்டடியில் ஒருவருக்கு நெஞ்சுச்சளி என்று பேச்சு வந்தது. நர்ஸம்மாவுக்கு மருந்து தெரியும், கூட்டிப்போக வண்டி இல்லை. டிரைவரிடம் வண்டி இருந்தது, ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பதென்று தெரியாது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். நிறையச் சண்டைகளுக்குப் பிறகு, கம்பளி எல்லாம் பொது என்றானது. வைத்தியம் நர்சுகளுக்கு, சாப்பாடும் வண்டியும் டிரைவர்களுக்கு, இடம் பார்ப்பது வியாபாரிகளுக்கு. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு கிடங்கை நகராட்சியிடம் கேட்டு வாங்கி, நடுவில் சுவர் வைத்து, ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம் என்று பிரித்தார்கள். படிக்கட்டடியில் கிடந்தவர்கள் பலர் அங்கே போனார்கள்.

படிக்கட்டடியில் மனைவியோடு இருந்த தையல்காரர் ஒருவர் போகவில்லை.

அவருடைய கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டும் ஒரே காலையில் போயின. அதற்கு முன்னாலேயே கையில் நடுக்கம் வந்து, ஊசி கோக்க முடியாமல் வேலை குறைந்திருந்தது. மனைவியின் காலில் ஆறாத புண். பிள்ளைகள் இல்லை. ஒரு உறவினர் வீட்டில் கொஞ்சநாள், இன்னொரு வீட்டில் கொஞ்சநாள் என்று இருந்துவிட்டு, முகம் சுளிக்கும் முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று படிக்கட்டடிக்கு வந்தவர்கள். கை நடுங்கினாலும் வாய் மட்டும் கத்தரி மாதிரி வெட்டும்.

"நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கூடத்துலயா?" என்று அவர் நர்ஸம்மாவைக் கேட்டார். "இவ கால்கட்டை மாத்துறது நான். ஆம்பளைங்க கூடத்துல இருந்துட்டு எப்படிம்மா மாத்துறது? தபால்லயா?"

"எங்க நர்சு மாத்துவா."

"உங்க நர்சு மாத்தினா இவ கத்துறா. நான் மாத்தினா என்னைத் திட்டுறா. திட்டுறதுல வலி தெரியாது."

அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

அந்தப் புதன்கிழமை பெஞ்சில் இதே பேச்சு. "புருஷன் பெஞ்சாதிக்கு ஒரு சின்ன ரூம் கிடைச்சாப் போதும். எங்க தேடுறது?" என்று நர்ஸம்மா சலித்துக்கொண்டாள். கம்பளி அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, செருப்புக்கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கடை மாடியில என்ன இருக்கு?"

"மாடியிலயா? காலி அட்டைப்பெட்டிதான்."

"அட்டைப்பெட்டி நனைஞ்சிடக் கூடாதுன்னு உள்ள வச்சிருக்கீங்க. ஆளுங்க உங்க வாசல்ல படுத்திருக்காங்க."

செருப்புக்கடைக்காரரின் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் வியாபாரி; வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காமல் போகமாட்டார். "உங்க மாடியில என்னக்கா இருக்கு?" என்றார்.

டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் திரும்பி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அவள் மாடியில் இருந்தது மகனுடைய அறை. அப்பா செத்த பிறகு, "மெஷினையெல்லாம் வித்துட்டு என்கூட வாம்மா" என்று கூப்பிட்டவன் அவன். இவள் மாட்டேன் என்றாள். வார்த்தை தடித்தது. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்கென்று போனவன் அப்புறம் ஒருமுறைகூட வரவில்லை. எப்போதாவது போன் செய்து, "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று முடித்துக்கொள்வான். இவள் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, ஜன்னலைத் திறந்து மூடி, இன்றைக்கு வருவான் நாளைக்கு வருவான் என்று வைத்திருந்தாள்.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செருப்புக்கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். பிறகு, ஒரு மத்தியானம், தானே மகனைக் கூப்பிட்டாள். தையல்காரர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கூடாது என்பான், அதை அப்படியே பெஞ்சில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு அவளுக்கு இருந்தது.

"குடுத்துடும்மா" என்றான் அவன்.

"நீ வந்தா எங்கடா படுப்ப?"

"நான் எங்கம்மா வரப்போறேன்? அப்படியே வந்தாலும் ரெண்டு நாள். குடுத்துடு."

போனை வைத்துவிட்டு அவள் காலி மெஷினை ஓடவிட்டாள். அழுகிற சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கூடாதல்லவா? அவன் மாட்டேன் என்று சண்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நன்றாக அழுது முடித்து, முகம் கழுவி, மாடிக்குப் போய் மகனின் சட்டைகளை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினாள்.

தையல்காரரும் மனைவியும் டிரைவரின் வேனில் வந்து இறங்கினார்கள். நர்ஸம்மா மருந்துப்பெட்டியோடு மாடி ஏறினாள். செருப்புக்கடைக்காரர் ஒரு வாளி பெயிண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் தன் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மனம் திருந்திவிட்டார் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. "நல்ல பேரெல்லாம் இந்த அக்கா ஒருத்தியே வாங்கிட்டுப் போறதா?" என்று அவர் டிரைவரிடம் கேட்டதை டிரைவரே வந்து சொன்னார். எதுவாக இருந்தால் என்ன, அறை காலியானது. அவரைப் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர் ஒரு அறை திறந்தார், பிறகு மருந்துக்கடைக்காரர். கடிகாரக் கடைக்காரர் மட்டும் கடைசிவரை அசையவில்லை. "என் மாடி, என் இஷ்டம்" என்றார். அதற்கு மேல் யாரும் அவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை.

எல்லாம் சுபமாகவும் நடக்கவில்லை. பாத்திரக்கடை மாடிக்கு வந்த ஒருவர் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார், போகும்போது தண்ணீர்க்குழாயையும் கழற்றிக்கொண்டு. அவரை மறுபடி படிக்கட்டடியில் பார்த்தபோது டிரைவர் எதுவும் கேட்காமல் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். புதுக் குழாயை வியாபாரிகள் சங்கம் வாங்கிப் போட்டது, இரண்டு புதன்கிழமை முணுமுணுத்த பிறகு.

தையல்காரரோ குடியேறிய மூன்றாம் நாளே கீழே இறங்கி வந்தார். "அம்மா, நீங்க மெஷின் ஓட்டினா என் கட்டில் நடக்குது. காலையில ஜன்னல்கிட்ட படுத்தேன், இப்ப கதவுகிட்ட இருக்கேன்."

"ஊரெல்லாம் சுத்திப் பாக்கணும்னா காசு ஆகும். உங்களுக்குச் சும்மாவே ஆகுது" என்றாள் கம்பளி அக்கா.

அன்றிலிருந்து இருவருக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது. சும்மா இருக்கப் பிடிக்காமல் கிழிந்த கம்பளிகளைத் தைத்துத் தருகிறேன் என்று, டிரைவர் எங்கிருந்தோ தூக்கிவந்து கடையில் போட்ட கைத்தையல் மெஷினில் அவர் உட்கார்ந்தார். தையல் பாம்பு போனமாதிரி வளைந்து போனது. மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு, "இத்தனை வருஷம் இவர் தைக்கிறதைப் பார்த்துட்டே இருந்தேன், எனக்கு வராதா?" என்று தையல் மெஷினில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கும் சரியாக வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று குறை சொல்லச் சொல்ல, அவள் திட்டத் திட்ட, ஒரு மாதிரி நேராகத் தொடங்கியது. அவர் நூல் வெட்டவும் மடிக்கவும் நின்றுகொண்டார். காலைத் தூக்கிவைத்து உட்காரவேண்டும் என்று நர்ஸம்மா போட்ட உத்தரவால் அவளுக்கென்று ஒரு மணை வந்தது. புண் மெதுவாக, பல மாதங்களில், மூடியது.

இதற்கிடையில் ஒரு விசித்திரம். அறையைக் கொடுத்த பிறகு மகன் அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தான். "கட்டில்காரர் எப்படி இருக்காரு? இன்னைக்கு எது வரைக்கும் போனாரு?" என்று கேட்டுச் சிரிப்பான். அடுத்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். தலையில் பாதி நரைத்திருந்தது. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அவனுக்குக் கம்பளி மூட்டைகளைப் பரப்பி இடம் செய்தாள்.

மறுநாள் இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "அன்னைக்கு ஏன்டா அப்படிப் பட்டுனு குடுத்துடுன்னு சொன்ன? உனக்கு இந்த வீட்டு மேல அவ்வளவு வெறுப்பா?"

அவன் அவள் முனையையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். "வெறுப்பு இல்லம்மா. நீ அந்த ரூமைப் பெருக்கிப் பெருக்கி வச்சிட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சாலே எனக்கு மூச்சு முட்டும். போனை எடுக்கவே பயம். எப்ப வர்றேன்னு கேட்டுடுவியோன்னு. ரூம் போனதும் அந்தப் பயமும் போச்சு."

"இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

அவள் விரிப்பை அவன் கையிலிருந்து இழுத்து மேசையில் போட்டாள். கோபம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அது பழைய கோபம் இல்லை. நான்கு நாள் இருந்தான். போவதற்கு முன் மெஷினின் காலுக்கு அடியில் ரப்பர் கட்டைகளைப் பொருத்திவிட்டுப் போனான். கட்டில் நடப்பது நின்றது. தையல்காரர் அதற்கும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் நகராட்சி தையல்காரருக்கும் மனைவிக்கும் தரைத்தளத்தில் ஒரு சிறு வீடு ஒதுக்கியது. மனைவியின் காலுக்கு மாடிப்படி ஆகாது என்று நர்ஸம்மா விடாமல் அலைந்து வாங்கியது அது. தையல்காரர் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு போவதா விட்டுப்போவதா என்று கம்பளி அக்காவோடு சண்டை போட்டுவிட்டுப் போனார். மனைவி தினமும் கடைக்கு வந்து தைத்தாள்.

அந்த அறைக்கு இப்போது வந்திருப்பவள் ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலை பார்க்கிற ஒருத்தி, கைக்குழந்தையோடு. வேலை இருந்தும் வீடு கிடைக்காமல் கிடங்குக் கூடத்தில் இருந்தவள். அதிகம் பேசமாட்டாள். வந்த மறுநாள் கடைவாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா, துணி மாட்டச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

"உன் ரூமு. என்னை எதுக்கும்மா கேக்குற?"

"சுத்தியல் இல்லக்கா."

கம்பளி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து சுத்தியலைத் தேடினாள்.