நித்திரை கொள்ளாத தவில்காரன்

அந்த வருசத் திருவிழாக் காலம் தொடங்கியதிலிருந்து கீர்த்திகன் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அளவெட்டியில் அதை எல்லோரும் மெச்சினார்கள். அதுதான் பெரிய கூத்து. வேறு வீட்டுப் பொடியன் இப்படி நாள்கணக்கில் முழித்திருந்தால் பெத்தவள் பயந்துபோய் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். தவில்காரன் நித்திரையைத் துறந்தால் மட்டும் அதற்குப் பெயர் சாதகம்.

கோயில் மேளம் இல்லாத நாளில், விடியத் தொடங்கினால் மத்தியானம் சாய்ந்த பிறகும் அறைக்குள் தவிலில் கழி விழுகிற சத்தம் கேட்கும். தாய் மகாதேவி வருகிற போகிற சனத்தையெல்லாம் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அதைக் கேட்க வைப்பா.

"கேட்டியளே? சாப்பாடும் வேண்டாமாம், ஒண்டும் வேண்டாமாம். தகப்பன்ரை கை அப்பிடியே இறங்கியிருக்கு!"

மருமகள் கஜந்தினி குசினிக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு விசயம் தெரியும். புருசனுடைய சேட்டுகளைத் தோய்க்கும்போது கற்கண்டுத் தூள் போட்ட மாதிரி ஒரு சின்னப் பொலித்தீன் பை விழுந்தது. கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை.

"ஐஸ். போதைத் தூள்தான். வான் ஓடுறவன் தந்தவன். காலமை ஒரு கோயில், பின்னேரம் ஒரு கோயில், பிறகு இரவுத் திருவிழா. இது இல்லாமல் ஆர் முழிச்சிருக்கிறது? சீசன் முடிய விட்டிடுவன், நீர் பயப்பிடாதையும்."

மாமியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் மனுசி நம்பியிருக்கமாட்டா என்பது வேறு கதை.

ஆவணியில் ஒரு தேர். சாமி அரைவாசி வீதிகூடத் தாண்டவில்லை. கீர்த்திகனுக்குச் சோடியாக வாசித்தவன் மயூரதன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த மேளத்தின் நடுவில் கீர்த்திகன் கையை நிறுத்தினான்.

"ஏன்ரா, என்னைக் கொல்லப்போறன் எண்டு தவிலிலை அடிச்சுச் சொல்லுறாய்?"

"நான் எங்கையடா சொன்னனான்?"

ஏதோ பகிடி என்று சனம் சிரித்தது. கழி மயூரதனின் நெற்றியில் இறங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. இழை போட்டுத் தைக்கிற அளவுக்குக் காயம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் கீர்த்திகன் அடங்கவில்லை. மதிலுக்கு அங்கால் மயூரதன் நிற்கிறானாம், கூரைக்கு மேல் இருந்து கதைக்கிறானாம். யன்னலெல்லாம் ஆணி அடித்தான். மகாதேவி கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டிப் பார்த்தா. அதையும் அறுத்தெறிந்தான். வேறு வழியில்லாமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"சாதகம் கூடி மண்டை கலங்கிப்போச்சு, டொக்டர். மற்றப்படி ஒரு பழக்கமும் இல்லை. வெத்திலைகூடப் போடமாட்டான்," என்றா மகாதேவி. அதையும் பெருமையோடு சொன்னா! மகனுக்கு விசர் என்று தெரிகிற நேரத்திலும் அந்த மனுசிக்கு அது ஒரு பட்டம் மாதிரி.

கஜந்தினியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அவர் ஐஸ் பாவிக்கிறவர், டொக்டர். ஆனியிலை இருந்து."

"உன்ரை வாய் அழுக! இனி ஆர் என்ரை பிள்ளையை மேளத்துக்குக் கூப்பிடப்போகினம்?" மாமி அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டா.

டொக்டர் நடுவயதுப் பெண். பதற்றப்படாமல் கேட்டுவிட்டுச் சொன்னா: "சொன்னது நல்லது, தங்கச்சி. ஐஸ் பாவிக்கிற ஆக்களுக்கு இப்பிடிக் குரல் கேக்கும், ஆரோ கொல்ல வாறமாதிரி இருக்கும். அதை விட்டு நித்திரையும் கொண்டால் கனபேருக்கு மாறிடும்."

"மாறாட்டில்?"

"சிலபேருக்கு உள்ளுக்கை ஏற்கெனவே ஒரு வருத்தம் கிடக்கும். ஐஸ் அதைத் தட்டி எழுப்பிவிடும். பிறகு ஐஸை விட்டாலும் வருத்தம் நிக்கும். இவருக்கு எது எண்டு இப்ப சொல்லேலாது. பொறுத்துப் பாப்பம்."

கஜந்தினி முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். ஐஸ் போனால் குரலும் போகும். அவளுக்கு அதற்குப் பிறகு அதுதான் தேவாரம், அதுதான் திருவாசகம்.

போகவும் செய்தது. ஆசுப்பத்திரி வாட்டில் நித்திரை கொண்டு நித்திரை கொண்டே கீர்த்திகன் தெளிந்தான். தானாகப் போய் மயூரதனிடம் மன்னிப்புக் கேட்டான். வான்காரன் ஒருநாள் படலையில் வந்து நின்றபோது கஜந்தினி விளக்குமாற்றோடு போய் நின்றாள், அவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. டொக்டர் தந்த குளிசையைக் கீர்த்திகன் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அவன் கை மட்டும் இறுகிப்போய்விட்டது, தவிலில் பழைய வேகம் இல்லை.

"உந்தக் குளிசை என்ரை பிள்ளையின்ரை கையைத் தின்னுது," என்று மகாதேவி முணுமுணுத்தா.

"கை போனால் போகட்டும், மாமி. ஆள் இருக்கிறார்."

பொங்கல் முடிந்து மாசி வர, டொக்டரே குளிசையைக் குறைத்தா. கை கொஞ்சம் இளகியது. ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டும் வந்தான். கஜந்தினிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

பங்குனியில் ஒரு காலமை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி அவன் மிகச் சாதாரணமாகக் கேட்டான்: "உமக்குக் கேக்கேல்லையே? மயூரதன் திரும்ப வந்திட்டான்."

வெளியே ஒரு குஞ்சும் இல்லை.

"திரும்ப எடுத்தனியளோ? உண்மையைச் சொல்லுங்கோப்பா, நான் பேசமாட்டன்."

"உம்மாணை, இல்லை. தொடவேயில்லை."

அவள் நம்பவில்லை. நம்ப அவளுக்கு விருப்பமில்லை. அலுமாரியை இழுத்துக் கொட்டினாள். தவில் உறையைப் புரட்டினாள், மோட்டார்சைக்கிள் சீற்றைக் கழற்றினாள், அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். மகாதேவி சத்தம் கேட்டு ஓடிவந்தா.

"என்னத்தைப் பிள்ளை தேடுறாய்?"

"ஐஸ், மாமி."

"அவன்தான் விட்டிட்டானே!"

"இல்லை மாமி, இருக்கவேணும். எங்கையாவது கொஞ்சமெண்டாலும் இருக்கவேணும். இல்லாட்டில் டொக்டர் சொன்ன மற்ற வருத்தமெல்லோ."

மாமியாருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தா. மத்தியானம் வரை இரண்டு பேரும் தேடினார்கள். ஒரு துகள்கூட அகப்படவில்லை. கஜந்தினி குவிந்து கிடந்த உடுப்புகளுக்கு நடுவில் இருந்து குளறி அழுதாள்.