அட்டையில் அப்பாவின் பெயர்

1986 மார்ச் 12, புதன்கிழமை. வழக்கம்போல் கோலா கெத்திலிலிருந்து பஸ்ஸில் வந்து, கல்லூரி நூலகத்தின் சன்னல்களைத் திறந்து, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கினேன். அப்பாவை அடக்கம் செய்தது போன வாரம்.

ஆய்வேடுகளின் விவரம் கணினிக்குப் போகுமுன் பட்டியல் அட்டைகளில் ஒரு பிழையைத் திருத்தச் சொன்னார் தலைமை நூலகர். முன்பு அட்டை எழுதியவர் வெளிநாட்டில் படித்தவர். பெயரின் கடைசிப் பகுதியைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகளையெல்லாம் அவரவர் தகப்பன் பெயரில் பதிந்துவிட்டார். தேடி வந்தவர்கள் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

நான் அங்கே படித்தபோது எழுதிய ஆய்வேடும் அவற்றில் ஒன்று. லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்த பக்கத்து மேசைப் பெண் என் அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, ரப்பர் மரம் சீவுற ஒங்க அப்பா எப்போ ஆராய்ச்சி பண்ணாரு? சொல்லவே இல்லலா!"

அவளுக்குச் செய்தி தெரியாது. அட்டையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

சாயங்காலம்வரை மற்றவர்களின் அட்டைகளை மாற்றினேன். என்னுடையதை அப்படியே விட்டேன். அப்பாவின் பெயர் ஒரு வரியில் முதலாவதாக அச்சாகியிருந்தது அங்கு மட்டும்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தட்டச்சு இயந்திரத்தில் புது அட்டையைச் செருகி, என் பெயரை முதலில் அடித்தேன்.