‘பின்லைன் மாற்றி’

மேசைமேல் அந்தக் குழாயைப் பார்த்தபோது மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. வளைத்து, இரு முனையிலும் வாய் விரித்துப் பிளேர் அடித்து, யூனியன் நட்டு கோத்து, தூசி போகாமல் டேப் ஒட்டி வைத்திருந்த புதிய பின்லைன், பின்சக்கர சஸ்பென்ஷனுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய். அது பொருத்தப்பட்டிருக்க வேண்டிய வண்டி ஒரு மணி நேரம் முன்பே என் கையெழுத்தோடு வெளியே போயிருந்தது.

பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் வழியில் உள்ள சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருடமாக நான் சர்வீஸ் அட்வைசர். டிப்ளமா முடித்து இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி திருப்புறம் தங்கராஜ் சாருடையது. பழைய ஃபோர் வீல் டிரைவ், ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். பட்டனை அழுத்தினால் தாழும், உயரும். அவர் மனைவி லில்லி அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. வாரம் இரண்டு முறை காரக்கோணத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். சாதாரணக் காரில் அவரால் குனிந்து உட்கார முடியாது. இந்த வண்டி தாழ்ந்து நின்றால் சாய்ந்து ஏறிக்கொள்வார். அதனாலேயே சார் இதை விற்கவில்லை.

கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் உப்புச்சேறு தங்கி, எண்ணெய்க் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடிக்கும். சாரின் வண்டியில் முன்லைன் கசிந்தது. பின்லைன் கசியவில்லை, ஆனால் துரு அதிலும் அதிகம். ஓட்டத்தில் அது வெடித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இரண்டையும் மாற்றுவதாகப் பேசி வேலை எடுத்தோம்.

மெக்கானிக் சசி நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளம் பேசுபவர். முன்லைனைப் போட்டதும் கசிவு பார்க்க அழுத்தம் ஏற்றினார். அந்த நேரத்தில் வழியில் நின்றுபோன ஒரு வண்டிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் சொன்னார்: “சேச்சீ, முன்லைன் ஓகே. பின்லைன் மாற்றியிட்டுண்டு.”

ஜாப் கார்டில் இரண்டுக்கும் நேராக ‘ரீப்ளேஸ்டு’ என்று எழுதினேன். சார் வந்தார். வண்டியை ஏற்றி இறக்கிக் காட்டினேன். கசிவு இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

குழாயைப் பார்த்ததும் சசியை போனில் விளித்தேன்.

“பின்லைன் மாற்றின்னு சொன்னீங்கல்லா?”

“அதே சேச்சீ. கைக்குத் தடையா நின்னு. கிளிப்பில்நின்னு ஊரி சைடிலோட்டு மாற்றி. புதியது இட்டில்லல்லோ. வண்டி போயோ?” பழைய குழாயைக் கிளிப்பிலிருந்து கழற்றி ஒதுக்கியதைத்தான் சொல்லியிருக்கிறார்; புதியதைப் போடவே இல்லை.

முதலாளி வில்சன் அண்ணனிடம் சொன்னேன். “மக்கா, நாளைக்கு வரச்சொல்லி போட்டுக் குடுக்கலாம். இப்ப விளிச்சா அந்த மனுசன் பயந்துருவாரு.”

பழைய குழாய் இன்னும் ஒரு நாள் தாங்கலாம். நான்தான் பெரிதாக நினைக்கிறேனோ என்றும் தோன்றியது. எதற்கும் இரண்டு முறை யோசிக்கிற சுபாவம் எனக்கு. அதற்குள் என் விரல் சாரின் எண்ணை அழுத்திவிட்டது.

“காரக்கோணத்துல ஆக்கும் நிக்கேன். லில்லி உள்ள இருக்கா. என்ன மக்கா?”

“சார், வண்டிய ஸ்டார்ட் செய்யாதீங்க. நாங்க வாறோம்.”

டே கேருக்கு விளித்து, மகளை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சசியும் நேராக அங்கே வந்தார். அடியில் படுத்து, பின்லைனை நகத்தால் சுரண்டினார். துரு உதிர்ந்த இடத்தில் எண்ணெய் முத்து முத்தாக வந்தது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தங்கராஜ் சார் சத்தம் போடவில்லை. பில்லை விரித்து என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். “இத நம்பியாக்கும் நான் அவள ஏத்தினேன்.”



டயாலிசிஸ் முடிந்ததும் லில்லி அம்மாவை ஆம்புலன்ஸில் படுக்கவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சசியைப் பார்த்துச் சொன்னார்: “எலே, தலைய வாசப்பக்கமா வையி. காலு முன்னால போச்சுன்னா ஊருக்காரன் மாலையோட வந்துருவான்.” சசி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றினோம்.

பல நாள் அந்தச் சொல்லின்மேல் பழிபோட்டுப் பார்த்தேன். நம் தமிழில் ஒரு பொருளை மாற்றினேன் என்றால், பழையதை எடுத்துப் புதியதைப் போட்டேன் என்று அர்த்தம். சசியின் மலையாளத்தில் ஒதுக்கி வைத்தாலும் ‘மாற்றி’தான். இப்போது ‘ஊரி ஒதுக்கினதா, புதுசு போட்டதா’ என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் அது பாதி உண்மை. பின்லைன் போகும் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் கைக்கண்ணாடியை நீட்டி நானே பார்த்திருந்தால் எந்த மொழியும் வேண்டியிருந்திருக்காது. அன்று டே கேர் மூடும் நேரத்தை நினைத்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

மறுநாள் பின்லைனைப் போட்டு முடித்தோம். சார் வந்தார். சாவியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

“நீ பாத்தியா?” என்றார்.

“பாத்தேன் சார்.”

அதன் பிறகுதான் வாங்கிக்கொண்டார்.