நெட் போடப் போன வீடுகள்

புதுக்கோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கனெக்ஷன் பிடிச்சு, லைனும் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. வேகத்தைப் பத்திக் கேக்குறவங்களைவிட பயத்தோட கேக்குறவங்கதான் அதிகம். மோடத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சதும் நெட் போச்சேன்னு பதறுற உங்களுக்கு இது புரியும்.

இடி

குளத்தூர்ல ஒரு விவசாயி. போன மழைக்கு விழுந்த இடி, கேபிள் வயர் வழியா வந்து டிவியைக் கருக்கிடுச்சு. பக்கத்துலதான் மகள் உக்காந்திருந்தாளாம். அதுலருந்து எந்த வயரும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டார். ஆனா மகளோட காலேஜ் பாடத்துக்கு மொபைல் டேட்டா பத்தலை. ஃபைபருக்குள்ள இருக்கிறது கண்ணாடி இழை, அதுல கரண்ட் பாயாதுன்னு விளக்கினேன். வயரைத் தொட்டுப் பாத்தார்.

"சரிம்மா, போடுங்க. மழை வந்தா மட்டும் பிள்ளையத் தள்ளி உக்காரச் சொல்றேன்."

அரை மணி நேரம்

விராலிமலையில ஒரு நிறைமாசப் பொண்ணு. புருஷன் கத்தார்ல. வீட்டுக்குள்ள மொபைல் சிக்னல் கிடையாது, அதனால எல்லாப் பேச்சும் வைஃபைலதான். பழைய மோடத்தைக் கழட்டிப் புதுசு மாட்ட அரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள அவர் விடாம அடிச்சுப் பாத்திருக்கார். வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. அவர் போன் பண்ணிச் சொன்னதுல அவரோட அண்ணனும் அண்ணியும் முகம் வெளுத்து ஓடி வந்தாங்க. லைன் வந்ததும் வீடியோ கால் வந்துச்சு. மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே கழட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

மணமேல்குடியில காத்து

ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வீட்டுக்கு நான் போனப்ப அவ புருஷன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். லைன் இழுத்து முடிச்சதும் காத்து கிளம்பிடுச்சு. கரண்ட் போய் மோடமும் அணைஞ்சது. மொபைல் டேட்டாவைப் போட்டுக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினா. நானும் பின்னாடியே போனேன்.

"எங்க இருக்கீங்க?"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்பினா. ஒரு டிக்தான் விழுந்துச்சு, அவருக்குப் போய்ச் சேரலை. கரைக்குப் பக்கத்துல வந்தாத்தான் அவர் போனுக்கு டவர் கிடைக்கும். கடல் கருத்துக் கிடந்துச்சு. அவ என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் அழுந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ரெண்டாவது டிக் விழுந்துச்சு. பின்னாலயே வாய்ஸ் மெசேஜ்ல அவர் குரல், காத்து இரைச்சலோட: "வந்துட்டோம் புள்ள."

அவ போனை இடுப்புல சொருகிக்கிட்டு என் பக்கம் திரும்பினா.

"வீட்டுக்கு எந்த பிளான் நல்லதுன்னு அப்புறம் பாப்போங்க. நடுக்கடல்ல எந்த நெட்வொர்க் எடுக்கும், அதச் சொல்லுங்க."

எந்த பிளான்ல எத்தனை ஜிபின்னு கம்பெனியில எனக்கு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, ஜனங்க அதைத் தவிர மத்த எல்லாத்தையும்தான் கேக்குறாங்க.