பூசையில் வைத்த பலகை

என் மகனுக்குத் திண்டிவனத்தில் சவுண்டு சர்வீஸ் கடை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுவான். அதோடு சிந்தசைசர் கிட்டை உதிரிச் சாமான்களாக வரவழைத்து, ஒட்டி, விற்கவும் ஆரம்பித்தான். தனித்தனி சர்க்யூட் பலகைகளைப் பெட்டியில் வரிசையாக மாட்டி, ஒன்றின் ஓட்டையிலிருந்து இன்னொன்றின் ஓட்டைக்கு ஒயர் குத்தினால் விதவிதமாகச் சத்தம் வரும். பாட்டுக் கட்டுகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

அவன் செய்தான் என்று ஊர் சொல்லும். விழுப்புரத்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈயம் வைத்து ஒட்டியது நான். சின்ன வயதில் ரேடியோப் பட்டறையில் பழகிய கை. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இங்கிலீஷ் ஏது? ரெசிஸ்டர் மேலிருக்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்துத்தான் பொறுக்கி வைப்பேன்.

மிச்சம் விழுந்த சாமான்களில் எனக்கென்று ஒரு பலகை செய்தேன். முதலில் எலி மாதிரிக் கீச்சிட்டது. ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் தொண்டை அடைத்துக்கொண்டது. கழற்றுவதும் ஒட்டுவதுமாக மழைக்காலம் போய் வெயில்காலமும் போனது. கடைசியில் ஒரு ரெசிஸ்டரை மாற்றியபோது அந்தக் குரல் வந்தது. அடியில் உறுமிக் கிளம்பும். குமிழைத் திருப்பத் திருப்ப ஏறிக்கொண்டே போய், பட்டென்று உடைத்துக்கொண்டு எழும்.

நான் வாய் திறந்து சத்தமாகப் பேசியவள் இல்லை. பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அந்தக் குமிழைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் மகன் சீக்கிரம் வந்துவிட்டான்.

"இன்னாம்மா இது, செமயா கீது! பாண்டிச்சேரிக்காரரு ஒருத்தரு புதுசா ஒரு சத்தம் வேணும்னு கேட்டுக்கினே இருக்காரு." போனில் பதிந்து அப்போதே அனுப்பினான். "ஆயுத பூசை அன்னிக்கு கடைக்கு வர்றாராம். இத குடுத்துடலாம்."

"அது வந்துப்பா..."

"உனக்கு இன்னாம்மா, வேற ஒன்னு ஒட்டிக்கினா போச்சு."

 எனக்கு ஒரு யோசனை வந்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள். வருகிறவர் ஒரே நாளைக்கு வருகிறார், காத்திருப்பாரா? கடையில் ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழையிலை போட்டு என் பலகையை வைத்தேன்.

மருமகள் சந்தனத்தைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். என் பலகையில் ஓட்டைக்கு ஒன்று, குமிழுக்கு ஒன்று. மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். 'போதும்மா' என்று சொல்லியிருக்கலாம். நல்ல நாளில் மாமியார் குறை சொன்னாள் என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பாண்டிச்சேரிக்காரர் வந்தார். மகன் பலகைப் பக்கம் கையை நீட்டினான்.

"ஏங்க, பூசையில வெச்சத எடுக்காதீங்க!" என்றாள் மருமகள்.

"வுடுங்க தம்பி, எங்க வூட்லயும் அப்படித்தான். மயிலத்துல தங்கச்சி வூடு இருக்குது. தங்கிட்டு காலைல வர்றேன்" என்று பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

நாங்களும் கடையிலேயே படுத்தோம். காலையில் பாண்டிச்சேரிக்காரர் வந்து நின்றார். கற்பூரம் காட்டியதும் மகன் ஒயரைக் குத்தினான். கரகரவென்று இழுத்தது. குமிழைத் திருப்பினான். அதுவும் நின்றுபோனது.

"தண்ணி பூந்துடுச்சி. செத்துப் போச்சு சார்."

ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியும். சொன்னால் அவரோடு போய்விடும். செத்ததாகவே இருந்தால் என் ஜன்னலுக்கு வந்துவிடும். பொரியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்கையோடு போனார். விழுப்புரம் பஸ்ஸில் பலகையை மடியில் வைத்திருந்தேன். வழி முழுக்க எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான்: "அதுல இருக்குற ஐசி, குமிழு எல்லாம் கழட்டிடும்மா. நல்லாதான் இருக்கும். அத வெச்சே அவருக்குப் புதுசு ஒட்டிக் குடு. போன்ல கேட்ட அதே சத்தம் வேணுமாம்."

இப்போதாவது துடைத்தால் போதும் என்று சொல்லலாம். எதற்கு? துடைத்தாலும் அவருக்கு, கழற்றினாலும் அவருக்கு. ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன். புதிய பலகையில் எல்லாவற்றையும் சரியாக ஒட்டினேன், அந்த ஒரு ரெசிஸ்டரைத் தவிர. அதற்குப் பதில் வேறு வண்ணம்.

"எல்லாம் வருது, அந்த ஏத்தம் மட்டும் வரலியேம்மா" என்றான்.

"கண்ணு தெரியலப்பா. எந்தக் கலரு வெச்சேன்னு ஞாபகமில்ல."

நம்பி, பலகையை அப்படியே பாண்டிச்சேரிக்காரருக்குக் கொடுத்துவிட்டான். மத்தியானங்களில் இப்போது வீடு சும்மா கிடக்கிறது. அந்த ரெசிஸ்டர் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அதை மாத்திரம் வைத்துக்கொண்டு என்ன சத்தம் போட முடியும்?