வானகரத்தில் வண்டியை நிறுத்திய கஸ்தூரி

போன செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி வசந்தாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வாசலில் நின்றிருந்தேன். எப்போதும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் கார் வரவில்லை. போன் செய்தேன். கஸ்தூரியின் தங்கை எடுத்தார். "அக்கா நெஞ்சு வலிக்குதுன்னாங்க சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள பூட்டாங்க." என் முகத்தைப் பார்த்தே வசந்தாவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

கஸ்தூரி அவர்கள் நூம்பலைச் சேர்ந்தவர். சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். நான் ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுக் கள்ளிக்குப்பத்துக்கு வந்த பிறகுதான் வசந்தாவின் சிறுநீரகம் பழுதானது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த எண்ணில் வந்தவர் கஸ்தூரி. முதல் நாளே பின்சீட்டில் தலையணை போட்டிருந்தார். "அக்கா சாய்ஞ்சிகினு வரட்டும்" என்றார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி திட்டாக இருக்கும். உப்பு கூடாத வசந்தா, ஊறுகாய் சாப்பிட்டதாக ஒருமுறை உளறிவிட்டாள். மதுரவாயல் வரை வசவு வாங்கினாள்.

தன் முதல் காரைப் பற்றி ஒருநாள் அவரே சொன்னார். பூந்தமல்லி அருகே எஞ்சின் சூடேறியிருக்கிறது. ரயிலைப் பிடிக்க வேண்டிய பயணி நிறுத்தவே விடவில்லை. "ஓட்டு ஓட்டுன்னாரு, ஓட்டுனேன். எஞ்சின் அப்டியே இறுகிப் பூட்ச்சு. அவரு வேற ஆட்டோ புட்ச்சிப் போய்ட்டாரு."

அவரை நான் முழுதாக அறிந்தது ஒரு புயல் மழை நாளில். வெள்ளத்தால் வசந்தாவுக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. உடம்பில் நீர் கோத்து, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கஸ்தூரி மட்டும் தண்ணீரில் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பைபாஸில் வண்டிகளே இல்லை. வானகரத்தை நெருங்கும்போது அவர் ஏசியை அணைத்தார். பிறகு எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரைப் போட்டார். உள்ளே வெந்தது. "சூடு காட்ற ஊசி ஏறிக்கினே போது சார்" என்றவர், அடுத்த பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஓட்டுங்க" என்றேன்.

"ஓட்டுனா எஞ்சின் பூடும். அப்பறம் அக்காவ எதுல இட்டுகினு போறது?"

பானெட்டைத் திறந்ததும் ஆவி அடித்தது. ரேடியேட்டர் மூடியை நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "இப்ப தொறந்தா மூஞ்சி வெந்துடும்." காத்திருந்தோம். காருக்குள் வசந்தா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு லாரிகளுக்குக் கை காட்டினேன். தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போய்விட்டன.

சூடு தணிந்ததும் ஈரத்துணியைச் சுற்றி மூடியை மெல்லத் திருகினார். அப்படியும் ஆவி சீறி அவர் மணிக்கட்டைச் சுட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். உள்ளே எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் இல்லை. எங்கேயோ ஒழுகுகிறது, ஆனால் மழையில் எஞ்சின் முழுக்க நனைந்திருக்க, எது மழை எது ஒழுக்கு என்று எப்படித் தெரியும்? அடியில் சொட்டியதைப் பார்த்து, "ரேடியேட்டரே ஓட்டையா கீதோ" என்றார். அப்படியென்றால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. முதல் முறையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"குடைய இங்க புடிங்க" என்றார். எஞ்சினுக்கு மேலே பிடித்தேன். துணியால் ஒவ்வொரு குழாயாகத் துடைத்தார். டிக்கியிலிருந்த கேன் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, கண் சிமிட்டாமல் குனிந்து பார்த்தார். ரேடியேட்டர் காய்ந்தே இருந்தது. மேலே போகும் ரப்பர் குழாயின் முனையில், குழாயை இறுக்கும் கிளாம்ப் கடித்த இடத்தையொட்டிப் பச்சையாக ஒரு கோடு இறங்கியது. "இதான்."

கிளாம்பைத் தளர்த்திக் குழாயை உருவினார். வசந்தாவின் பையில் பழம் நறுக்கும் கத்தி இருந்தது. வெடித்த முனையை மட்டும் அதனால் அறுத்து எறிந்தார். மிச்சக் குழாய் எட்டுமா என்று இருவருக்கும் தெரியாது. முதலில் எட்டவில்லை. வளைவை நிமிர்த்தி, பல்லைக் கடித்துத் தள்ளினார். ஏறியது. கிளாம்பை முடிந்தவரை முறுக்கினார். பாலத்துக் குழாயிலிருந்து கொட்டிய மழைநீரைக் கேனில் பிடித்து ஓடி வந்தேன். நிரப்பி, ஸ்டார்ட் செய்து, முறுக்கிய இடத்தைப் பார்த்தபடி நின்றோம். ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேகமாக ஓட்டவில்லை. பாதிக் கண் ஊசியில். மருத்துவமனையில் வசந்தாவை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்தபோது கஸ்தூரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "அக்காவுக்கு இப்ப எப்டி கீது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "குழாய் எட்டாதப்ப அழுகையே வந்துட்ச்சு சார். மழையில தெரியல" என்றார். மணிக்கட்டு கொப்புளித்திருந்தது. நர்ஸிடம் அழைத்துப் போய் மருந்து போட வைத்தேன். அதற்கும் திட்டினார்.

போன செவ்வாயன்று நூம்பலில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் இட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் பலரை நான் பார்த்ததில்லை. வாக்கரோடு ஒரு பெரியவர். தலைமுடி கொட்டி, துணி கட்டியிருந்த ஒரு பெண். வசந்தாவைப் போலவே கையில் பிளாஸ்திரி ஒட்டிய இருவர். யார் என்று விசாரித்தபோது எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "எங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறவங்க."

வசந்தா அவர்களைத் தாண்டி மெல்ல நடந்து போனாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "பாத்துப் போங்க, கஸ்தூரி" என்றாள்.